அச்சேறாத வாதங்கள்: 16, 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் சமய, அரசியல் கையெழுத்துச் சுவடிகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தச் சுவடிகளைப் பற்றி இந்தப் பக்கம் பேசுகிறது?

16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 17-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை இங்கிலாந்தில் கையால் எழுதப்பட்டு, கையாலேயே படியெடுக்கப்பட்டுப் பலரிடம் சென்ற தாள்களையும் ஏடுகளையும் பற்றிப் பேசுகிறது. எட்டாம் ஹென்றி 1534-இல் ஆங்கிலத் திருச்சபையின் தலைமையைப் போப்பாண்டவரிடமிருந்து விலக்கித் தம் கையில் எடுத்துக்கொண்டார். அதன் பிறகு ஒருவர் எந்த வழிபாட்டுக்குப் போகிறார் என்பதும் அவர் அரசருக்கு விசுவாசமானவரா என்பதும் ஒரே கேள்வியாகிவிட்டன. ஆகவே இது சமய வாதம், அது அரசியல் வாதம் என்று இந்தச் சுவடிகளை இரண்டு கட்டாகப் பிரித்து அடுக்க முடியாது. அரசிக்கு எழுதிய கடிதங்கள், மனுக்கள், நாடாளுமன்ற உரைகளின் படிகள், செய்திக் கடிதங்கள், கொல்லப்பட்டவர்களின் வாழ்க்கை வரலாறுகள், வசைப்பாடல்கள், விசாரணைக் குறிப்புகள் எல்லாம் இதில் அடங்கும்.

அச்சு வந்த பிறகும் ஏன் கையால் எழுதிக்கொண்டிருந்தார்கள்?

கேக்ஸ்டன் 1476-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்ததும் கையெழுத்துக் காலம் முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். இந்த எண்ணத்தோடு சுவடிகளை அணுகினால், அவை அச்சேற வாய்ப்பில்லாமல் போன வரைவுகள் என்றே தோன்றும். உண்மையில் அச்சும் கையெழுத்தும் இருநூறு ஆண்டுகள் அருகருகே வாழ்ந்தன. எதை எந்த வழியில் வெளியிடுவது என்று எழுதியவர்கள் யோசித்தே முடிவெடுத்தார்கள்.

1579-இல் நடந்ததைப் பார்த்தால் இது விளங்கும். எலிசபெத் அரசி பிரெஞ்சு இளவரசரும் கத்தோலிக்கருமான ஆன்ஷூ கோமகனை மணக்கப்போகிறார் என்ற பேச்சு எழுந்தபோது, ஜான் ஸ்டப்ஸ் என்ற சட்டம் படித்த பியூரிட்டன் (ஆங்கிலத் திருச்சபையை இன்னும் சீர்திருத்த வேண்டும் என்ற தீவிரப் புராட்டஸ்டண்ட்) அதை எதிர்த்து ஒரு நூல் எழுதி அச்சிட்டார். 1579 நவம்பர் 3 அன்று வெஸ்ட்மின்ஸ்டரில் மக்கள் முன்னிலையில் அவருடைய வலக்கை வெட்டப்பட்டது. நூலைப் பரப்பிய வில்லியம் பேஜும் தம் கையை இழந்தார். வெட்டுண்டதும் ஸ்டப்ஸ் இடக்கையால் தொப்பியைக் கழற்றி, கடவுள் அரசியைக் காப்பாராக என்று கூவினார். அதே ஆண்டில், அதே திருமணத்தை எதிர்த்துக் கவிஞர் பிலிப் சிட்னி அரசிக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதினார். அது கையெழுத்துப் படிகளாகப் பலரிடம் சென்றது. பல படிகள் இன்றும் கிடைக்கின்றன. சிட்னியின் கையை யாரும் வெட்டவில்லை. அவருடைய குடும்பச் செல்வாக்கு அதற்கு ஒரு காரணம்தான். ஆனாலும் அரசிக்கு ஆலோசனை சொல்லும் கடிதம் என்ற வடிவமும், அது கடைத்தெருவில் விலைக்குக் கிடைக்கவில்லை என்பதும் அவருக்குக் காப்பாக இருந்தன என்றே நான் கருதுகிறேன்.

அச்சுக்கு அப்படி என்ன கட்டுப்பாடு இருந்தது?

லண்டன் அச்சகத்தாரின் சங்கத்துக்கு 1557-இல் அரச சாசனம் கிடைத்தது. 1586-இல் நட்சத்திர மன்றம் என்ற நீதிமன்றம் பிறப்பித்த ஆணைப்படி லண்டன், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் தவிர வேறெங்கும் அச்சகம் வைக்கக் கூடாது. நூல்களுக்குக் கேன்டர்பரி பேராயரோ லண்டன் ஆயரோ அனுமதி தர வேண்டும். அந்த மன்றம் 1641-இல் ஒழிக்கப்பட்டதும் அச்சு கட்டவிழ்ந்து பெருகியது. 1643-இல் நாடாளுமன்றமே மறுபடி உரிமமுறையைக் கொண்டுவந்தது. 1662-இல் அது சட்டமாகி, 1695-இல் புதுப்பிக்கப்படாமல் காலாவதியானது.

அப்படியானால் கையால் எழுதினால் ஆபத்தே இல்லையா?

இருந்தது. சில வேளைகளில் அச்சிட்டவனைவிட எழுதி வைத்தவனே கொடிய முடிவைச் சந்தித்தான். சாமர்செட் பகுதியைச் சேர்ந்த முதிய குருவான எட்மண்ட் பீச்சமின் படிப்பறையில் அரசரைக் கண்டிக்கும் பிரசங்கக் குறிப்புகள் அகப்பட்டன. அந்தப் பிரசங்கத்தை அவர் நிகழ்த்தவே இல்லை. யாருக்கும் காட்டியதாகவும் நிறுவப்படவில்லை. ஆனாலும் 1615-இல் அவரைச் சித்திரவதை செய்து விசாரித்தார்கள். சித்திரவதைக்கு முன்பும், சித்திரவதையின்போதும், இடைவேளையிலும், பின்பும் கேள்வி கேட்டதாக அந்த விசாரணை அறிக்கையே பதிவு செய்கிறது. யாருக்கும் காட்டாத எழுத்து ராஜத்துரோகம் ஆகுமா என்று நீதிபதிகளிடம் முன்கூட்டியே, தனித்தனியாகக் கருத்துக் கேட்கும் வேலையை அரசின் தலைமை வழக்கறிஞரான பிரான்சிஸ் பேக்கன் மேற்கொண்டார். நீதிபதி எட்வர்டு கோக் அந்த முறையையே ஆட்சேபித்தார். இருந்தும் பீச்சமுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அது நிறைவேற்றப்படவில்லை, அடுத்த ஆண்டு அவர் சிறையிலேயே இறந்தார்.

1683-இல் அல்ஜெர்னன் சிட்னியின் வழக்கிலும் இதே கேள்வி எழுந்தது. ராஜத்துரோகத்துக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும் என்பது சட்டம். அரசுத் தரப்பிடம் ஒருவர்தான் இருந்தார். சிட்னியின் அறையில் கைப்பற்றிய, ஆட்சிமுறை பற்றிய கையெழுத்து நூலையே இரண்டாம் சாட்சியாகக் கொண்டார்கள். எழுதுவதும் செய்வதே என்று தலைமை நீதிபதி ஜெஃப்ரீஸ் தீர்த்துச் சொன்னார். டிசம்பர் 7 அன்று சிட்னியின் தலை வெட்டப்பட்டது. 1689-இல் நாடாளுமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. 1698-இல் அந்த நூல் அச்சில் வந்தது. அது எந்த நூலுக்கு மறுப்பாக எழுதப்பட்டதோ அதன் கதையும் இதை ஒத்ததே: அரசரின் அதிகாரம் ஆதாமிடமிருந்து வழிவழியாக வருகிறது என்று வாதிட்ட ராபர்ட் ஃபில்மரின் நூல், அவர் 1653-இல் மறைந்து பல ஆண்டுகள் கழித்து 1680-இல்தான் அச்சேறியது, அதுவரை கையெழுத்திலேயே கிடந்தது.

கத்தோலிக்கர்கள் சுவடிகளை எப்படிப் பயன்படுத்தினார்கள்?

உரிமம் பெற்று அச்சிடும் வழி அவர்களுக்கு முற்றிலும் அடைபட்டிருந்தது. வெளிநாட்டில் அச்சிட்டுக் கடத்தி வந்தார்கள். உள்நாட்டில் இரகசிய அச்சகங்கள் வைத்தார்கள். அதில் அகப்பட்ட வில்லியம் கார்ட்டர் 1584-இல் தூக்கிலிடப்பட்டார். ஆகவே கைப்படிகளே அவர்களுக்குக் கைகொடுத்தன.

இயேசு சபைக் குருவான எட்மண்ட் காம்பியன் 1580-இல் இங்கிலாந்துக்குள் மறைவாக வந்தபோது, தாம் அரசியலுக்காக அல்ல, ஆன்மாக்களுக்காகவே வந்திருப்பதாகவும், பொதுவில் சமய வாதத்துக்கு ஆயத்தமாக இருப்பதாகவும் அரசியின் ஆலோசனைக் குழுவுக்கு ஒரு சிறு கடிதம் எழுதி நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்தார். தாம் பிடிபட்டால் வெளியிட வேண்டும் என்பது எண்ணம். நண்பரோ அதைச் சிலருக்குக் காட்ட, அவர்கள் படியெடுக்க, சில மாதங்களில் அது நாடெங்கும் பரவிவிட்டது. அதை மறுக்க எழுந்த எதிர்த்தரப்பார் காம்பியனின் சொற்களை எடுத்துக்காட்டியே மறுக்க வேண்டியிருந்ததால், கத்தோலிக்கர் அச்சிட முடியாத கடிதம் 1581-இல் எதிரிகளின் நூல் வழியாகவே அச்சில் ஏறியது. அந்த ஆண்டு டிசம்பர் 1 அன்று காம்பியன் லண்டனின் தூக்குமேடை இடமான டைபர்னில் தூக்கிலிடப்பட்டார்.

கேம்பிரிட்ஜின் இம்மானுவேல் கல்லூரியில் உள்ள ஒரு சுவடியை இங்கே கட்டாயம் சொல்ல வேண்டும். எட்டாம் ஹென்றியின் தலைமையை ஏற்க மறுத்துக் கொல்லப்பட்ட தாமஸ் மோரின் வாழ்க்கையை நிக்கலஸ் ஹார்ப்ஸ்ஃபீல்டு என்ற கத்தோலிக்க அறிஞர் எழுதியது அது. அந்த ஏட்டில் வேறொருவரின் கையெழுத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது: தாமஸ் மோர் என்பவரைக் கைது செய்தபோது அவருடைய படிப்பறையில் ரிச்சர்டு டாப்கிளிஃப் இந்தப் புத்தகத்தைக் கண்டெடுத்தார் என்றும், நாள் 1582 ஏப்ரல் 13 என்றும் அது சொல்கிறது. கைதானவர் மோரின் பேரன். டாப்கிளிஃப் கத்தோலிக்கரை வேட்டையாடிச் சித்திரவதை செய்ததற்குப் பேர்போனவர். பாட்டனின் கதையைப் பேரன் தன் அறையில் பாதுகாத்து வைத்திருந்ததையும், அது பறிபோனதையும் அந்தச் சில சொற்கள் தாங்கி நிற்கின்றன. அச்சுப் பதிப்பில் நூலை மட்டும் வாசிப்பவருக்கு இது எட்டாது.

படியெடுத்தவர்கள் யார்?

மாணவர்கள், குருமார்கள், சட்டக் கல்லூரிகளில் படித்தவர்கள், பிரபுக்களின் செயலர்கள், குடும்பத்துப் பெண்கள் எனப் பலரும் தங்கள் தேவைக்குப் படியெடுத்தார்கள். கூலிக்கு எழுதும் தொழில்முறை எழுத்தர்களும் லண்டனில் இருந்தார்கள். அவர்களுள் ஒருவரை ஆய்வாளர்கள் 'இறகு எழுத்தர்' என்று அழைக்கிறார்கள். மெல்லிய, இறகு படர்ந்தது போன்ற கோடுகளால் அவர் கையை அடையாளம் காண முடிகிறது. அவர் எழுதிய நூற்றுக்கும் மேற்பட்ட சுவடிகள் கண்டறியப்பட்டுள்ளன. பெரும்பாலானவை 1620-களையும் 1630-களையும் சேர்ந்தவை. பெயர் மட்டும் தெரியவில்லை. அவர் படியெடுத்தவற்றுள் எலிசபெத் அரசிக்கு நெருக்கமான லெஸ்டர் பிரபுவைத் தாக்கி 1584-இல் வெளிநாட்டில் அச்சிட்ட கத்தோலிக்க நூலும் ஒன்று. அரசு அந்த நூலைத் தேடித் தேடி அழித்ததால், அச்சுப் புத்தகத்தைப் பார்த்துக் கையால் எழுதிக்கொள்ளும் நிலை வந்தது. கையெழுத்திலிருந்து அச்சுக்கு மட்டுமல்ல, அச்சிலிருந்து கையெழுத்துக்கும் நூல்கள் திரும்பிப் போயின என்பதை இதனால் அறிகிறோம்.

வசைப்பாடல்களை ஏன் இவ்வளவு பொருட்படுத்துகிறார்கள்?

அவை அன்றைய பொதுக்கருத்தை நாம் கேட்கக்கூடிய அரிய இடங்கள் என்பதால்தான். பெயர் போடாமல் எழுதி, தெருவில் தவறவிட்டதுபோல் போட்டுவிட்டோ, கதவிலும் தூணிலும் ஒட்டிவிட்டோ போய்விடுவார்கள். எடுத்தவர் படித்து, மனப்பாடம் செய்து, தன் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். 1604-இல் பேராயர் விட்கிஃப்ட் இறந்தபோது லூயிஸ் பிக்கரிங் என்ற பியூரிட்டன் ஒருவர் சவப்பெட்டியின் மேல் விரித்த துணியிலேயே ஒரு வசைப்பாடலைக் குத்தி வைத்தார். அந்த வழக்கை அடுத்த ஆண்டு எட்வர்டு கோக் பதிவு செய்தபோது, வசை உண்மையா பொய்யா என்பதோ, வசைபாடப்பட்டவர் உயிரோடு இருக்கிறாரா என்பதோ பொருட்டல்ல என்ற விதி நிலைபெற்றது. ஆட்சியில் இருப்பவரைத் தாக்கும் பாடலைக் கண்டெடுத்தவர் அதை உடனே அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் சொல்லப்பட்டது. குறிப்பேடுகளில் எத்தனை பாடல்கள் இன்றும் இருக்கின்றன என்று பார்த்தால், அந்த விதியை எத்தனை பேர் மதிக்கவில்லை என்பது தெரிந்துவிடும்.

1628 ஆகஸ்டு 23 அன்று, அரசரின் நெருங்கிய ஆலோசகரான பக்கிங்ஹாம் கோமகனை ஜான் ஃபெல்ட்டன் போர்ட்ஸ்மவுத்தில் குத்திக் கொன்றார். கொலையாளியை நாட்டைக் காத்த வீரனாகப் போற்றும் பாடல்கள் எங்கும் பரவின. கவிஞர் மில்ட்டனின் நண்பரான அலெக்சாண்டர் கில் ஃபெல்ட்டனின் நலத்துக்கு மது அருந்தியதாகக் கைதானார். கில்லின் நண்பர் ஒருவரின் அறையைச் சோதித்தபோது பாடல்களும் அகப்பட்டன. பெரும் அபராதமும் காதறுப்பும் விதிக்கப்பட்டன. பின்னர் காதறுப்பு கைவிடப்பட்டது.

நாடாளுமன்றத்தில் பேசியது வெளியே எப்படித் தெரிந்தது?

அவையில் பேசியதை அச்சிடத் தடை இருந்தது. ஆயினும் 1628-இல், அரசரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டக் கோரிய உரிமை மனு விவாதிக்கப்பட்டபோது உறுப்பினர்களின் உரைகள் தனித்தாள்களாகப் படியெடுக்கப்பட்டு விற்பனையாயின. கேம்பிரிட்ஜில் இருந்த ஜோசப் மீடு போன்றவர்கள் லண்டன் செய்திகளைத் திரட்டி, ஊர்ப்புறத்து நண்பர்களுக்கு வாரந்தோறும் கடிதமாக அனுப்பினார்கள். நாடாளுமன்றச் செய்தியை வாரம் ஒருமுறை தரும் அச்சுத்தாள் 1641 நவம்பரில்தான் முதன்முதலாக வந்தது.

சுவடியால் மட்டுமே நமக்குத் தெரியவந்த பெரிய நிகழ்வு ஏதும் உண்டா?

உண்டு. 1647 அக்டோபர் இறுதியில், அரசருக்கு எதிரான உள்நாட்டுப் போரில் வென்ற நாடாளுமன்றப் படையின் தளபதிகளும் படைவீரர்களின் பிரதிநிதிகளும் லண்டனுக்கு அருகே பட்னியில், புனித மரியாள் ஆலயத்தில் கூடி, இனி நாட்டை யார் ஆள்வது, யாருக்கு வாக்குரிமை என்று வாதிட்டார்கள். சொத்துள்ளவருக்கே வாக்கு என்று தளபதி அயர்ட்டன் சொல்ல, இங்கிலாந்தின் மிக வறிய மனிதனுக்கும் மிகப் பெரிய மனிதனைப் போலவே வாழ்வதற்கு ஓர் உயிர் இருக்கிறது என்று படை அதிகாரி ரெயின்ஸ்பரோ பதிலளித்தார். யாருடைய ஆட்சியின் கீழ் ஒருவன் வாழ்கிறானோ, அதற்கு அவன் சம்மதம் வேண்டும் என்பது அவர் வாதம். பேசியவர்கள் ஒருவரையொருவர் இடைமறிப்பதும், ஜெபம் செய்துவிட்டு மறுபடி மோதுவதும், தளபதி குரோம்வெல் சமாதானப்படுத்த முயல்வதும் நம் கண்முன் நடப்பதுபோல் இருக்கின்றன.

இது நமக்குக் கிடைத்ததற்குப் படையின் செயலரான வில்லியம் கிளார்க் சுருக்கெழுத்தில் குறித்ததே காரணம். போருக்குப் பின் ஒழிக்கப்பட்ட மன்னராட்சி 1660-இல் திரும்பிய பின், 1662-ஐ ஒட்டி, அந்தக் குறிப்புகள் முழு எழுத்தில் பெயர்த்தெழுதப்பட்டன. அவருடைய மகன் வழியாக அவை ஆக்ஸ்போர்டின் வூஸ்டர் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்து, எவரும் பயன்படுத்தாமல் அங்கேயே கிடந்தன. வரலாற்றாசிரியர் ஃபர்த் அவற்றை 1891-இல் பதிப்பித்தபோதுதான் அந்தக் குரல்கள் வெளியே கேட்டன. உழைக்கும் மக்களுக்கு வாக்குரிமை கேட்ட சாசன இயக்கத்தார் உட்பட, அதற்கு முன் 19-ஆம் நூற்றாண்டில் வாக்குரிமைக்காகப் போராடிய யாருக்கும் ரெயின்ஸ்பரோவின் சொற்கள் தெரிந்திருக்கவில்லை என்பதை எண்ணும்போது எனக்கு மனம் கனக்கிறது.

சாமானியர்களும் பெண்களும் எழுதியவை இருக்கின்றனவா?

லண்டன் ஈஸ்ட்சீப்பில் மரம் கடையும் தொழில் செய்த நெகமையா வாலிங்டன் என்ற பியூரிட்டன் ஐம்பது ஏடுகள் எழுதினார்; ஏழு மட்டுமே எஞ்சியுள்ளன. தன் பாவங்களையும், பிள்ளைகளின் மரணங்களையும், போர்ச் செய்திகளையும் ஒரே மூச்சில் எழுதியிருக்கிறார். லூசி ஹட்சின்சன், மன்னர் முதலாம் சார்லஸின் மரண ஆணையில் கையெழுத்திட்டுச் சிறையில் இறந்த தம் கணவரின் வாழ்க்கையைப் பிள்ளைகளுக்காக எழுதி வைத்தார். 1660-களில் எழுதிய அது 1806-இல்தான் அச்சில் வந்தது. குடியரசுத் தரப்பின் குரலை இவ்வளவு தெளிவாகத் தரும் உரைநடை வேறு அதிகமில்லை என்பது என் எண்ணம்.

இந்த எழுத்தை எப்படிப் படிப்பது?

முதலில் மிரட்டும். 16-ஆம் நூற்றாண்டில் பெரும்பாலும் புழங்கிய செக்ரட்டரி எழுத்துமுறையில், எச் (h) எழுத்தின் வால் வரிக்குக் கீழே தொங்கும். இ (e) எழுத்து திரும்பி நிற்கும். சி (c) எழுத்து இன்றைய ஆர் (r) போலத் தெரியும். 17-ஆம் நூற்றாண்டில் சாய்வான இத்தாலிய முறை மெல்ல அதன் இடத்தைப் பிடித்தது. இரண்டும் கலந்த கையெழுத்துகளும் ஏராளம். பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம் இதற்கான இலவசப் பயிற்சியை இணையத்தில் வைத்திருக்கிறது; புதிதாகத் தொடங்குபவர்கள் அதிலிருந்தே தொடங்கலாம்.

மை மாசிக்காய், அன்னபேதி, வேலம்பிசின் மூன்றும் சேர்ந்தது. எழுதியபோது வெளிறித் தெரிந்து, காற்றுப்பட்டுக் கருக்கும். அளவு தவறினால் காலப்போக்கில் தாளையே அரித்து, எழுத்து இருந்த இடத்தில் ஓட்டையை விட்டுவிடும். தாள் கந்தல் துணியிலிருந்து செய்தது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெரியும் நீர்க்குறி அதன் காலத்தைக் கணிக்க உதவும்.

ஆண்டுக் கணக்கில் கவனம் வேண்டும். 1752-க்கு முன் இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு மார்ச் 25-இல் தொடங்கியது. முதலாம் சார்லஸின் மரண ஆணையில் 1648 ஜனவரி 29 என்றே எழுதியிருக்கிறது. நம் கணக்கில் அது 1649.

இவை எப்படித் தப்பிப் பிழைத்தன? இன்று எங்கே இருக்கின்றன?

தப்பியதில் சேகரிப்பாளர்களின் பங்கு பெரிது. ராபர்ட் காட்டன் தம் நூலகத்தை நாடாளுமன்றத்தாருக்கும் அறிஞர்களுக்கும் திறந்து வைத்திருந்தார். நாடாளுமன்றங்களை அடக்கி ஆள அரசருக்கு வழி சொல்லும் கையெழுத்துப் பிரசுரம் ஒன்று அங்கிருந்து படியெடுக்கப்பட்டுப் பரவியதாகக் கண்டுபிடித்து, 1629-இல் அவரைக் கைது செய்து நூலகத்துக்கு முத்திரை வைத்தார்கள். 1631-இல் அவர் இறக்கும்வரை அது அவருக்குப் பழையபடி திரும்பக் கிடைக்கவில்லை. பின்னர் நாட்டுடைமையான அந்தத் தொகுப்பில் 1731-இல் தீப்பிடித்துப் பல சுவடிகள் கருகின. எஞ்சியவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தில், ரோமப் பேரரசர்களின் பெயரால் அமைந்த அடுக்கு எண்களோடு இருக்கின்றன. ஹார்லி குடும்பத்தார் சேர்த்த ஹார்லி தொகுப்பும் அங்கேதான். தாமஸ் மோர் பற்றிய நாடகச் சுவடி அதில் ஒன்று. கலகக் காட்சியை முழுவதுமாக நீக்கு, அதன் காரணத்தையும் நீக்கு, மீறினால் உங்கள் தலைக்குத்தான் ஆபத்து என்று தணிக்கையாளர் டில்னி எழுதிய குறிப்பை அதன் ஓரத்தில் காணலாம்.

பறிமுதல் செய்த அரசே சிலவற்றைக் காப்பாற்றியும் தந்தது. மில்ட்டனின் இலத்தீன் இறையியல் நூல், ஒரே கடவுள் மூன்று ஆட்களாக இருக்கிறார் என்ற திரித்துவக் கோட்பாட்டை மறுப்பது. அவர் இறந்த பிறகு அதை ஆம்ஸ்டர்டாமில் அச்சிட முயன்றபோது அரசு தலையிட்டுத் தடுத்து, ஏட்டைத் தன் காப்பகத்தில் வைத்துக்கொண்டது. 1823-இல் ஆவண அலுவலர் ஒருவர் கண்டெடுக்கும்வரை, நூற்றைம்பது ஆண்டுகளுக்குச் சற்றே குறைவான காலம் அது அங்கே உறங்கியது. இப்போது லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகம், லண்டனின் லாம்பெத் அரண்மனை நூலகம், அமெரிக்காவில் ஃபோல்ஜர், ஹன்டிங்டன் நூலகங்கள் ஆகியவற்றிலும் பெருந்தொகுப்புகள் உள்ளன. ஃபோல்ஜரின் படங்கள் பல இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பிரிட்டிஷ் நூலகத்தின் எண்ணிமப் படங்கள் 2023 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலால் முடங்கின. அதன் சுவடிகளைத் தேடுபவர்கள் வேண்டியது மீண்டும் ஏற்றப்பட்டுள்ளதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

1695-க்குப் பிறகு கையெழுத்துப் பரப்பல் நின்றுவிட்டதா?

உரிமச் சட்டம் போனபின் பெரும்பாலான வாதங்கள் அச்சுக்கு மாறின. நாடாளுமன்ற விவாதங்களை அச்சிடுவது மட்டும் இன்னும் குற்றமாகவே இருந்தது. அதனால் ஜான் டயர் போன்றவர்கள் சந்தாதாரர்களுக்குக் கையால் எழுதிய செய்திக் கடிதங்களைத் தொடர்ந்து அனுப்பினார்கள். கீழவை அவரைக் கண்டித்தும் அவர் நிறுத்தவில்லை. 1713-இல் இறக்கும்வரை எழுதினார். விவாதங்களை அச்சிடும் உரிமை 1771-இல்தான் நடைமுறையில் கிடைத்தது.